யாஸ்மின் அம்மையாரின் ‘செப்பெட்’

காதற் படமென்றால் முடிவில் திருமணம் வேண்டுமென்று பழகிவிட்டோம். 2004-ஆம் ஆண்டில் யாஸ்மின் அகமது அம்மையார் சிறு முதலில் ஆக்கிய ‘செப்பெட்’ என்னும் மலாய்ப் படம் அவ்வழக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. சீனரின் கண்ணைப் பழிக்கும் சொல்லையே அம்மையார் தலைப்பாக்கினார். ஈப்போவில் திருட்டுப் படத்தட்டு விற்கும் சீன இளைஞன் ஜேசன். வாங்க வந்த மலாய்ப் பெண் ஓர்க்கெட். அவன் தன் தாய்க்குத் தாகூரின் கவிதையைச் சீனத்திற் படித்துக்காட்டுவதே முதற் காட்சி. தட்டு விற்பவனுக்குக் கவிதை எதற்கென்போர் அங்கேயே வாயடைத்துப் போவர்.

ஓர்க்கெட்டின் வீட்டில் எசமானியும் வேலைக்காரியும் தோழியர்போற் கேலி பேசுவது கண்டு வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆனால், தேர்வில் அவளினும் மேம்பட்ட ஜேசனுக்குக் கல்வி உதவிப்பணம் இல்லை. அவளுக்கு உண்டு, இங்கிலாந்துப் பயணமும் உண்டு. இதனை அம்மையார் பேச்சினிடையே சொல்லிக் கடந்துவிடுகிறார். மேடையேறி முழங்கியிருந்தால் நமக்கு இவ்வளவு உறைத்திராது. தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பை அறிந்த நமக்கு இவ்விடம் புதிதன்று.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் தொலைபேசியில் அழைக்கிறாள். அவன் குரல் கேட்கிறது. அவனோ சாலையிற் குருதி வெள்ளத்தில் கிடக்கிறான். செத்தவன் பேசுவானாவென்று பகுத்தறிவு அன்பரொருவர் சினந்தார். பேசட்டுமே! அக்குரல் மெய்யா, அவள் நினைவா என்று தீர்த்துரைக்காமல் விட்டதே நமக்குப் பிடித்தது.