தூக்குதிறன் மட்டும் போதுமா?

அமெரிக்க வீட்டு கராஜுக்கு கார் லிஃப்ட் வாங்க வழிசொல்லும் சில கையேடுகள் தூக்குதிறனில்தான் ஆரம்பிக்குது: 9,000 பவுண்டா, 10,000 பவுண்டா? அங்கே சாதாரணக் காரின் எடை 4,000 பவுண்டைச் சுற்றித்தான். முதல்ல பார்க்க வேண்டியது கூரையும் தரையும். 5 அடி உயரக் காரை 6 அடி தூக்கினா 11 அடி வேணும். பல கராஜ்களில் கூரையே 8, 9 அடிதான். இரண்டு தூண் லிஃப்ட் கான்கிரீட்டில் இறக்கிய போல்ட்டுகளை நம்பி நிற்பது. பல தயாரிப்பாளர்கள் குறைந்தது 4 அங்குலத் தடிமன் கேட்கிறார்கள்.  நான்கு தூண் வகையில் எடை நேராகத் தரையில் இறங்கும். ஆனா சக்கரம் கழட்ட தனி ஜாக்கி வேணும். அடியில நிற்கப்போறது நாமதான். விலையைப் பார்க்கும் முன்னாடி இஞ்ச் டேப்பை எடுங்க.