குமரப்பா போட்ட கணக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

ஒரு நாட்டின் பொருளாதாரம் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டுமா? ஓரிடத்தில் 'போதும்' என்று நிறுத்திக்கொள்ளலாமா? மேல்நாட்டு அறிஞர்கள் இந்த விவாதத்தை 1972இல் வந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற ஆய்வறிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு 27 ஆண்டுகள் முன்னாலேயே தஞ்சாவூரில் பிறந்த ஒருவர் இதைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஜே.சி. குமரப்பாவின் 'எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்', அதாவது 'நிலைத்த பொருளாதாரம்'. இந்த மலருக்காக அதை மறுபடி படித்தேன். பாராட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடக்கூடிய நூல் இல்லை அது. சண்டை போட்டுப் படிக்க வேண்டியது.

குமரப்பாவும் நம்மைப் போல வெளியூர் போனவர்தான். 1892இல் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை கற்று, பம்பாயில் தொழில் நடத்தினார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு அவர் பாதையே மாறியது. குஜராத்தில் கிராமம் கிராமமாகப் பொருளாதார ஆய்வு செய்தார். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். 'வெள்ளையனே வெளியேறு' காலத்தில் ஜபல்பூர் சிறையில் எழுதிய இந்த நூலுக்கு 1945இல் காந்தி முன்னுரை தந்தார்.

நூலின் உயிர்நாடி ஒரே ஒரு பாகுபாடுதான். ஓடுகிற ஆற்று நீர், காட்டு மரம் போன்றவை அளவோடு எடுத்தால் திரும்பத் திரும்பக் கிடைக்கும். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத் தாது எடுக்க எடுக்கக் குறையும். இந்த இரண்டாவது வகையின் மேல் கட்டிய வாழ்க்கை, மிச்சம் இருப்பதற்கான போட்டியாகிக் கடைசியில் போரில் போய் முடியும் என்கிறார். 'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைத்தான் ஒரு தணிக்கையாளர் நாட்டின் கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

தணிக்கையாளர் என்பதை அழுத்தியே சொல்கிறேன். பாட்டியின் நகையை விற்ற பணத்தை மாத வரவில் எழுதினால் எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? முதல் வேறு, வரவு வேறு. ஆனால் நாம் செய்தித்தாளில் பார்க்கிற வளர்ச்சி விழுக்காட்டில் இந்த வேறுபாடு கிடையாது. பஞ்சாபை எடுத்துக்கொள்ளுங்கள். பசுமைப் புரட்சிக்குப் பிறகு அங்கே நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளைகின்றன. மழையும் கால்வாயும் ஆண்டுக்கு ஆண்டு நிரப்பும் நிலத்தடி நீரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் அங்கே உறிஞ்சி எடுப்பதாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் சொல்கின்றன. விளைந்த நெல் உற்பத்திக் கணக்கில் ஏறுகிறது. இறங்கிய நீர்மட்டம் எங்கேயும் கழிவதில்லை. நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் புகையும் சேர்ந்து நவம்பரில் டில்லிக் காற்று கெடும்போது, நாம் வாங்கும் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரமும் குழந்தையின் ஆஸ்பத்திரிச் செலவும்கூட உற்பத்தியாகவே பதிவாகின்றன. தேசிய வருமானக் கணக்கை வகுத்தவர்களில் முதன்மையான சைமன் குஸ்னெட்ஸே, இந்த எண்ணை வைத்து மக்களின் நல்வாழ்வை அளந்துவிட முடியாது என்று 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையில் எச்சரித்தார்.

சரி, அப்படியென்றால் நிறுத்திவிடலாமா? இங்கேதான் எனக்கும் இன்றைய 'வளர்ச்சி வேண்டாம்' கட்சிக்கும் வழக்கு. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் உற்பத்தி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விழுந்தது. டில்லியில் வானம் நீலமாகத் தெரிந்தது. ஜலந்தரில் இருந்தவர்கள் மாடியில் நின்றபடியே தௌலாதர் மலைத்தொடரைப் பார்த்தார்கள். அதே நாட்களில் நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சோடு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூலிக்காரக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்தன. 'அது நோய்க்காகப் போட்ட பூட்டு, திட்டமிட்ட நிறுத்தம் இல்லையே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டமிட்டாலும் மூன்று முடிச்சுகள் அவிழ வேண்டும். இயந்திரமும் திறமையும் கூடக் கூட அதே உற்பத்திக்குக் குறைந்த ஆட்களே போதும். உற்பத்தி வளராவிட்டால் வேலை நேரத்தைப் பங்கு போட வேண்டும், இல்லையென்றால் பலருக்கு வேலை போகும். அடுத்து, இன்று வாங்கும் கடனுக்கு வட்டி நாளைய கூடுதல் வருமானத்தை நம்பி இருக்கிறது. மூன்றாவதாக, அரசின் ஓய்வூதியமும் பள்ளிக்கூடமும் மருத்துவமும் வளரும் வரியை நம்பி இருக்கின்றன.

ஜப்பானைப் பாருங்கள். 1990களின் நடுவிலிருந்து கால் நூற்றாண்டு காலம் யென் கணக்கில் அதன் மொத்த உற்பத்தி பெரிதாக மாறவில்லை. ஆனாலும் வேலையின்மை 6 விழுக்காட்டைத் தொடவில்லை, ஆயுளும் குறையவில்லை. அதற்குக் கொடுத்த விலை, நாட்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய அரசுக் கடன். அதைவிட முக்கியம், ஜப்பான் பணக்கார நாடான பிறகு நின்றது. 2023 கணக்கில் அமெரிக்கரின் சராசரி ஆண்டு வருமானம் 80,000 டாலருக்கு மேல். இந்தியரின் சராசரி சுமார் 2,500 டாலர். இரண்டு பேரிடமும் ஒரே 'போதும்' சொல்ல முடியுமா?

குமரப்பாவின் நூலில் எனக்குப் பெரிய குறையாகப் படுவதும் இதை ஒட்டியதுதான். ஆலையில் அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிவதை அவர் கூர்மையாகப் பார்க்கிறார். கிராமத்திலும் அது குவிந்து கிடப்பதை அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடியதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நிலமில்லாதவனுக்கும் சாதியால் ஒதுக்கப்பட்டவனுக்கும் ஊரைவிட்டுப் புறப்பட ஒரு ரயில் வேண்டியிருந்தது. போய்ச் சேரும் இடத்தில் ஒரு வேலையும் வேண்டியிருந்தது. அந்த வேலையை உண்டாக்கியது வளர்ச்சி. டில்லி ஜங்புராவின் மதராசி கேம்ப்பில் வாழ்ந்த நம் தமிழ்க் குடும்பங்கள் அப்படி வந்தவைதான். 2025 ஜூன் 1 அன்று அந்த வீடுகள் இடிபட்டன. நகரம் வளர்ந்தபோது அதன் அடிப்படியில் நின்றவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து 'வளர்ச்சி போதும்' என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆகவே என் முடிவு இது. குமரப்பாவின் கிராமத்தை அப்படியே ஏற்க முடியாது. அவருடைய கணக்கு முறையைத் தள்ளவும் முடியாது. வளர்ச்சி எத்தனை விழுக்காடு என்று கேட்பதோடு நிற்காமல் எது வளர்ந்தது, எதைக் கரைத்து வளர்ந்தது, யார் வீட்டுக்குப் போனது என்று கேட்க வேண்டும். நிறைந்த நாடுகளும், நம் நாட்டிலேயே நிறைந்தவர்களும் முதலில் குறைத்துக்கொள்ளட்டும். கீழே இருப்பவரின் கூலியும் படிப்பும் வைத்தியமும் இன்னும் வளரட்டும். ஒவ்வொரு ஆண்டும் வளர்ச்சி எண்ணை அறிவிக்கும் அதே நாளில், நிலத்தடி நீர் எவ்வளவு குறைந்தது, காற்று எவ்வளவு கெட்டது என்பதையும் பக்கத்திலேயே அச்சிடட்டும். செலவுப் பக்கத்தை மறைத்த கணக்கை நம் சங்கப் பொதுக்குழுவில்கூட நாம் ஏற்பதில்லையே!

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் பட்டிமன்றத்தில் கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்று வருடா வருடம் பேசி நாமும் களைத்துவிட்டோம். அடுத்த முறை இந்தத் தலைப்பை வையுங்கள். ஒரு பக்கம் குமரப்பா, மறுபக்கம் அம்பேத்கர். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் பேசட்டும். இனி வரப்போகும் தண்ணீர்க் கணக்கும் வேலைக் கணக்கும் அவர்களுடையவை.