தூணுக்கு ஒரே அளவு சரி, உள்சுவருக்கு ஏன்?

பெரும்பாக்கம் லைட் ஹவுஸ் திட்டத்தைப் பத்திப் பேசுறவங்க வேகத்தைத்தான் புகழ்கிறார்கள். 1,152 வீடுகள், 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. தூண், உத்தரம், தளம் எல்லாம் முன்பே அச்சில் வார்த்துப் பூட்டியவை. அச்சுக்கு ஒரே அளவு வேணும், சரி. ஆனால் உள்சுவர்கள் லேசான ஏஏசி கற்கள், கட்டடத்தின் பாரத்தைத் தாங்காதவை. அவையும் ஏன் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில்?

டச்சுக் கட்டடக் கலைஞர் ஹாப்ராக்கன் 1961-லேயே இதைப் பிரித்துக் காட்டினார்: தாங்கும் சட்டகம் பொது, உள்ளமைப்பு குடியிருப்பவர் முடிவு.

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸும் வகைக்கு ஒரே அச்சுதான். ஆனா அங்கே தோட்டம் இருக்கு, பந்தல் போடலாம். ஐந்தாவது மாடியில் சுமார் 27 சதுர மீட்டருக்குள் அதுக்கெல்லாம் வழியில்லை. ரெண்டு மூணு உள்வரைபடம் போட்டு, சுவர் எழுப்புமுன் குடிவர்றவங்களைக் கேட்டிருந்தால் ஓர் அச்சும் மாறியிருக்காது.