செலவில்லாத அர்த்தம்

நிர்வாகப் பயிற்சி வகுப்புகளின் செல்லப்பிள்ளையாகிவிட்ட ஓர் எண் 171. முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை திரட்டும் அமெரிக்கப் பணியாளர்கள் சிலர், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவரை ஐந்து நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும், திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. ஆடம் கிராண்டும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. வேலைக்கு அர்த்தம் தருவது மேலாளரின் கடமை, அதற்குக் காலணா செலவில்லை என்று வாதிடுகிறவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான்.

ஆய்வின் மேல் எனக்குக் குறையில்லை. தன் உழைப்பு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று தெரியாமலேயே ஓய்வு பெறுகிறவர்கள் ஏராளம். அந்த முகத்தை அவர்களுக்குக் காட்டுவது நல்ல காரியம்தான். பேசத் தெரிந்த மேலாளர் பேசாத மேலாளரைவிட மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை அந்தக் ‘காலணா செலவில்லை’யோடு.

ரிச்சர்ட் ஹாக்மேனும் கிரெக் ஓல்டாமும் 1976இல் வேலையில் ஊக்கம் தரும் ஐந்து கூறுகளைச் சொன்னார்கள்: பல திறன்களைப் பயன்படுத்தும் வாய்ப்பு, ஒரு வேலையை முழுதாகச் செய்து முடிப்பது, பிறருக்கு அதனால் விளையும் பயன், தானே முடிவெடுக்கும் உரிமை, செய்தது சரியா என்று வேலையிலிருந்தே தெரிந்துகொள்வது. நான்கைக் கொண்டுவர வேலையின் அமைப்பிலேயே கைவைத்தாக வேண்டும். மூன்றாவதை மட்டும் மேடையேறிச் சொல்லிவிடலாம். நிர்வாக உலகம் எதைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லவும் வேண்டுமா? கம்பெனியின் ‘நோக்கம்’ சுவரில் ஏறிவிட்டது. இலக்கு, ஷிப்ட், ஒப்புதல் கையெழுத்து எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் கதையும் இப்படித்தான் திரிந்தது. ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய கட்டுரையில் வருகிறவர்கள் அவர்கள். தரை துடைப்பதோடு நிற்காமல், நோயாளிகளோடு பேசுவது, செவிலியரின் வேலைக்கு ஏற்பத் தங்கள் வேலையை ஒழுங்கு செய்துகொள்வது என்று தங்கள் பணியைத் தாங்களே விரித்துக்கொண்டவர்கள். எந்த மேலாளரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. பணி விவரத்தில் இப்படி ஒரு வரியும் கிடையாது. மேலாளர் கண்ணில் படாத இடத்தில் முளைத்த அதை இன்று மேலாளர்களே பட்டறை வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் வேலையை நீங்களே அர்த்தமுள்ளதாக்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இப்படிச் சேரும் கூடுதல் பரிவு நிறுவனத்துக்கு லாபம். சம்பளப் பட்டியலில் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. பார்வையை மாற்றிக்கொள்ளும் பொறுப்பும் தொழிலாளியின் தலையில்தான். மாற்றிக்கொள்ள முடியாதவர் ‘ஈடுபாடு இல்லாதவர்’ என்று பெயர் வாங்குகிறார்.

அந்த 171ஐயும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கூடியது நிறுவனம் பெற்ற தொகை. அழைத்தவரின் நாள் எப்படி மாறியது என்று சொல்ல அதே அளவு புகழ்பெற்ற எண் எதுவும் இல்லை.

கேத்தரின் பெய்லியும் ஏட்ரியன் மேடனும் பத்துத் தொழில்களைச் சேர்ந்த 135 பேரிடம், எப்போது உங்கள் வேலை அர்த்தமுள்ளதாகத் தோன்றியது என்று கேட்டார்கள். 2016இல் வெளியான அந்த முடிவு மேலாளர்களுக்கு உவப்பாக இருந்திருக்காது. அர்த்தம் தோன்றிய தருணங்களைச் சொன்னபோது மேலதிகாரி பேச்சே கிட்டத்தட்ட வரவில்லை. அர்த்தம் செத்த தருணங்களைச் சொன்னபோது முதலில் வந்தது மேலதிகாரி நடந்துகொண்ட விதம்: அநியாயமாக நடத்தியது, வெட்டி வேலை கொடுத்தது, தொழில் தெரிந்தவரின் தீர்ப்பை மீறியது. அப்படியானால் மேலாளர் கற்க வேண்டியது மேடைப் பேச்சா, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

நெதர்லாந்தில் வீடு தேடிச் செல்லும் செவிலியர் பணி நிமிடக் கணக்கில் துண்டு துண்டாக நறுக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துச் சலித்த செவிலியர் யோஸ் டி பிளாக் 2006இல் பியூர்ட்சோர்க் நிறுவனத்தைத் தொடங்கினார். அதிகபட்சம் பன்னிரண்டு பேர் கொண்ட அணி. எந்த நோயாளியை ஏற்பது, யார் எப்போது போவது, யாரை வேலைக்குச் சேர்ப்பது எல்லாம் அணியின் முடிவு. இதற்குச் செலவு உண்டு: அட்டவணை போடும் அதிகாரத்தை யாரோ விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கே அணிகளுக்கு உதவப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அணியின் முடிவை மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.