இரக்கத்தின் புள்ளிவிவரம்

சமூக வலைத்தளங்களில் 'தரும'ச் செயலிகள் பெருகப் பெருக, கூடவே ஒரு புதிய அளக்கும் சாத்திரமும் வளர்ந்துவிட்டது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், கடைசியில் எத்தனை பேர் காசு போட்டார்கள். இந்த நாலு எண்களுக்கும் சேர்த்து வைத்த பெயர் 'ஈடுபாடு'. எண்கள் சரியா தப்பா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. இந்த அட்டவணையில் யாருக்குக் கட்டம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதே என் கேள்வி.

அதிகம் பேசப்பட்ட உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2007-ல் ஃபேஸ்புக்கில் 'காசஸ்' என்றொரு செயலி வந்தது. சூடானின் டார்ஃபர் படுகொலைகளுக்கு எதிராக அதில் திரண்ட குழுவில் பத்து லட்சம் பேருக்கு மேல். கெவின் லூயிஸும் வேறு இரு ஆய்வாளர்களும் அதை அலசி 2014-ல் எழுதினார்கள். நூற்றுக்கு 99 பேருக்கு மேல் ஒரு காசும் தரவில்லை. 72 பேர் இன்னொருவரைக்கூடச் சேர்த்துவிடவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டில் சேர்ந்தது 90,000 டாலர் சொச்சம். 'பாத்தியா, பட்டனை அமுக்கிட்டுப் படுத்துட்டான்' என்று கேலி பேச இது வசதியான கணக்கு. எனக்கு இந்தக் கேலி போதவில்லை. லைக் பொய், காசு மெய் என்று தரம் பிரிக்கிற விமர்சனமும் கொடுப்பவனைத்தான் நடுவில் உட்காரவைக்கிறது. டார்ஃபர்க்காரன் என்ன கேட்டான், அவனுக்கு என்ன போய்ச் சேர்ந்தது? அதற்கு இரண்டு கணக்கிலும் கட்டம் இல்லை. அவன் அங்கே வெறும் குறிப்பான். பார்ப்பவனின் இரக்கத்தைக் கிளப்பிவிட்டு மறைந்துபோகிற படம்.

இதைக் கணினி கொண்டுவந்த சீக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். திருநெல்வேலிக்கு இது பழைய சங்கதி. ரேனியஸ் காலத்தில் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரைத்தான் களக்காட்டுப் பக்கத்து டோனாவூர் இன்றும் சுமக்கிறது. கொடுத்தவன் பெயரே ஊராகிவிட்டது. வாங்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. பிற்பாடு அதே டோனாவூரில் நிலைத்துவிட்ட ஏமி கார்மைக்கேல், நெல்லைச் சீமையின் நிலவரத்தை எழுதி அனுப்பினார். ஊக்கம் தருவதாக இல்லை என்று கையெழுத்துப்படி திரும்பி வந்தது. 'உள்ளது உள்ளபடி' என்று பொருள்படும் தலைப்போடு 1903-ல்தான் அது நூலாயிற்று. கொடுப்பவர் மனம் சோர்ந்துவிடும் என்றால் உண்மை காத்திருக்க வேண்டும். இன்று அல்காரிதம் பார்க்கிற வேலையை அன்று கமிட்டி பார்த்தது, அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். ஏரல் பக்கத்து ஊர்கள் துண்டாகிக் கிடந்தன. கரண்டு இல்லை, போன் இல்லை. வெளியூர் உறவினர்கள்தான் அவர்களுக்காகப் பதிவு போட்டார்கள். தேவை உச்சத்தில் இருந்த இடத்தில் 'ஈடுபாடு' பூஜ்யம். சார்ஜ் தீர்ந்துபோன மனுசன் 'பயனர்' ஆக முடியாது. சரி, வெளியே பதிவு போட ஆள் இல்லாதவன்? நம்ம ஊரில் வலைப்பின்னல் என்பது பெரும்பாலும் சாதியும் சொந்தமும்தான். அந்த வலையில் இல்லாதவன் அட்டவணையிலும் இல்லை. 2004 சுனாமியில் தலித்துகளுக்கு நிவாரணம் மறுக்கப்பட்டதை உரிமை அமைப்புகள் ஊர் ஊராய்ப் போய்ப் பதிவுசெய்தன. எந்தச் செயலியின் எண்ணிலும் அது தானாக வந்து விழாது.

அப்ப கணக்கே வேண்டாமா? வேணும். கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அரசியல். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைகளில், கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். தன் பெயருக்கு எதிரே எழுதியிருந்த தொகையைக் கேட்ட தொழிலாளி, 'இது என் கைக்கு வரல்லையே' என்று எழுந்து சொன்னபோது, எண் முதன்முறையாக வாங்குபவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2005-ன் வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியதற்குப் பின்னால் இந்தப் போராட்டம் இருக்கிறது.

தாமிரபரணிக் கரையில் வெள்ளத்தின் பேரால் திரண்ட ஒவ்வொரு நிதிக்கும் இதே பரீட்சை வைக்கலாம். என்ன கேட்டார்கள், என்ன வந்தது, எத்தனையாவது நாள் வந்தது, எந்தத் தெருவைத் தாண்டிப் போனது? நாலே கேள்விதான். தெருவில் நின்று, தெருக்காரர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். அதுவரை இந்த 'ஈடுபாடு' கொடுப்பவன் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிற கண்ணாடி. வெள்ளத்தில் நின்றவனுக்கு அதில் உருவமே விழாது.