எளிமை விதிகளும் தமிழ் வினையெச்சமும்

தொழில்நுட்பக் கையேடுகளை எளிய மொழியில் எழுதுதல் பற்றிய ஆய்வுகளில் தவறாது சுட்டப்பெறும் விதிநூல், வானூர்தித் துறையினரின் 'எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம்' ஆகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பராமரிப்புப் பணியாளரைக் கருதி ஐரோப்பிய வானூர்தித் தொழிலகங்களின் கூட்டமைப்பு 1980களில் உருவாக்கிய இது, 2005 முதல் ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்னும் பெயரில் வழங்குகிறது. செயல்முறை வாக்கியத்திற்கு 20 சொல், விளக்க வாக்கியத்திற்கு 25 சொல் என்பது வரம்பு. ஒரு சொல் ஒரு பொருளையே தர வேண்டும். 'ஃபாலோ' என்னும் வினை பின்வருதலைக் குறிக்கலாம், விதிக்குக் கட்டுப்படுதலைக் குறிக்கலாகாது. இவ்விதிகளைத் தமிழுக்கு அப்படியே கொள்ளலாமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சொல்லெண்ணிக்கை வரம்பு தமிழுக்குப் பயன்படாது. 'துண்டிக்கப்பட்டிருக்கவில்லையென்றால்' என்பதை ஒரே சொல்லாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது ஆறு சொல்லாகும். சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும் எழுதுவோரின் பழக்கத்தைப் பொறுத்து அமையும் மொழியில் எண்ணிக்கை எதனை அளக்கும்? நிபந்தனையை முன்னும் ஏவலைப் பின்னும் வைக்க வேண்டும் என்னும் விதியோ நம் தொடரமைப்பில் இயல்பாகவே நிறைவேறிவிடுகிறது.

உண்மையான இடர் வினையெச்சத்தில் உள்ளது. 'மூடியைப் பிடித்துத் திருப்பவும்' என்பதில் இரு செயலும் உடன்நிகழ்பவை. 'மின்னிணைப்பைத் துண்டித்து மூடியைத் திறக்கவும்' என்பதில் ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று. வடிவம் ஒன்றே, வேறுபாட்டைப் படிப்பவரின் உலகறிவே தருகிறது. ஆனால் அந்த அறிவு இல்லாதவருக்காகத்தானே கையேடு எழுதப்படுகிறது.

எதிர்மறையில் இது மேலும் கடுமையாகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கான ஓர் அறிவுறுத்தலை எண்ணிப் பார்க்கலாம்: 'மூடியைத் திறந்து குழாய்நீர் ஊற்றாதீர்கள்.' எதிர்மறை முற்றுவினையை மட்டும் தழுவினால், திறக்கலாம், குழாய்நீர் மட்டும் கூடாது என்பது பொருள். எச்சத்தையும் சேர்த்துத் தழுவினால், திறப்பதே தவறு எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டவர் வாலைவடிநீரும் ஊற்றாது விடுவார். உள்ளிருக்கும் தகடுகள் நீர் வற்றிக் கெடும். பேச்சில் இவ்வையத்தை ஒலியழுத்தம் தீர்த்துவிடுகிறது. அச்சில் அதற்கு வழியில்லை. 'மூடியைத் திறக்கவும். வாலைவடிநீர் ஊற்றவும். குழாய்நீர் ஊற்றாதீர்கள்' என மூன்றாக்குவதே தக்கது.

இவ்வாறு நறுக்கிய தொடர்கள் தமிழின் ஓட்டத்தைக் கெடுக்கின்றன என்பர். நானும் பதிப்புப் பணியில் இத்தகைய தொடர்களை நடையழகு கருதி எச்சங்களால் கோத்திருக்கிறேன்; இன்று அது பிழையெனவே கருதுகிறேன். ஆகவே, ஒரு வாக்கியத்தில் ஓர் ஏவல் என்னும் விதியைத் தமிழ் ஏற்கலாம். ஆனால் எண்ண வேண்டுவது சொற்களை அன்று, வினைகளை. இரு செயல்களை ஒருங்கே கூற வேண்டுமாயின் 'பிடித்தபடி', 'துண்டித்த பின்' எனக் காலவுறவை வெளிப்படையாக்குதல் வேண்டும்.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் விதி நம்மிடையே வேறொரு விவாதத்தை எழுப்பும். எளிமை வேண்டுவோர் பேச்சுவழக்குச் சொற்களையே பரிந்துரைக்கின்றனர். ஆனால் 'சுவிட்சைப் போடவும்', 'ஃபியூசைப் போடவும்' என்னும் இரண்டிலும் வினை ஒன்றே. முன்னது இயக்குதல், பின்னது பொருத்துதல். மாற்றுவதற்காகக் கழற்றிய சுவிட்சைப் பற்றிப் பேசும் பக்கத்தில் முதல் தொடரே இருபொருள்படும். அங்கே 'இயக்கவும்', 'பொருத்தவும்' என்னும் எழுத்துவழக்குச் சொற்களே தெளிவானவை. சற்று விறைப்பாக ஒலிப்பினும் அவற்றையே நான் தேர்வேன்.