மின்நூலக முகவரிகள்: ஒரு விமர்சனக் குறிப்பு

போன மாதம் வீட்டில் இருக்கும் நாஸ் பெட்டியோடு மூன்று ராத்திரி சண்டை. பல வருடமாகச் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தக பிடிஎஃப் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை போடலாம் என்று பைதானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். நிரல் சர்வரைப் பிடிக்க ஒரே ஒரு வரி கொடுக்க வேண்டும். நெறிமுறையின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர், ஃபோல்டர், கோப்பு, எல்லாம் அந்த ஒரே சரத்தில். பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன்.

முதல் ராத்திரி, என் பெயரில் எந்த மெஷினும் நெட்வொர்க்கில் இல்லை என்று பிழைச்செய்தி. என் பெயரில் ஏன் மெஷினைத் தேடுகிறது? கடவுச்சொல்லில் ஒரு # குறி இருந்தது. முகவரி இலக்கணத்தில் # வந்தால் அதற்கு அப்புறம் வருவது பக்கத்துக்குள் இருக்கும் ஒரு இடம் என்று பொருள். ஆக சரம் அங்கேயே வெட்டுப்பட்டு, மிச்சமிருந்த துண்டில் என் பெயர் சர்வர் ஆகிவிட்டது, கடவுச்சொல்லின் பாதி போர்ட் எண் ஆகிவிட்டது. # இருக்கும் இடத்தில் %23 என்று எழுத வேண்டுமாம். 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986-இல் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. கடவுச்சொல்லை முகவரிக்குள் எழுதாதீர்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. நான் படிக்கவில்லை.

ரெண்டாவது ராத்திரி விண்டோஸ் பாணி முகவரியை முயன்றேன், பின்சாய்கோடு போட்டு. ஃபோல்டருக்கு 'நூல்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தேன். பைதான் சரத்தில் பின்சாய்கோட்டுக்குப் பக்கத்தில் 'என்' வந்தால் அது புதுவரி. முகவரி இரண்டு வரியாக உடைந்து நின்றது. பக்கத்து ஃபோல்டரின் பெயர் 'தமிழ்'. அதில் 'டி' எழுத்து டேப் ஆகிப் போனது. இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு.

மூன்றாவதுதான் உண்மையான பிரச்சினை. 'கொட்டிவாக்கம்' என்று தொடங்கும் கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. கண்ணால் பார்த்தால் பெயர் சரி. ஆனால் யூனிகோடில் 'கொ' என்பதில் வரும் உயிர்க்குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். என் பழைய லேப்டாப்பின் கோப்பு முறை எல்லாப் பெயரையும் பிரித்தே வைக்கும். அதிலிருந்து நாஸுக்கு நகலெடுத்தபோது பிரிந்த வடிவமே வந்து உட்கார்ந்துகொண்டது. நாஸில் லினக்ஸ். அது எழுத்தைப் பார்க்காது, பைட்டைத்தான் பார்க்கும். சேர்த்து எழுதினால் ஊர்ப் பெயருக்கு 13 குறியீடு, பிரித்தால் 14. ஒவ்வொன்றும் மூன்று பைட், முகவரிச் சரத்தில் ஒவ்வொரு பைட்டும் % போட்டு மூன்று எழுத்து. நாம் ஏழு எழுத்தாகப் படிக்கிற ஊர்ப் பெயர் முகவரியில் 117 எழுத்தாகவோ 126 எழுத்தாகவோ ஆகிறது. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட்தான் உச்சம். தமிழுக்கு அது 85 குறியீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்புப் பக்கத் தலைப்பை ஆக்கியோன் பெயரோடு அப்படியே கோப்புப் பெயராக வைக்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க.

இவ்வளவு அடிபட்ட பிறகுதான், நாம் தினமும் அடிக்குறிப்பில் ஒட்டுகிற மின்நூலக முகவரிகளை முதல் முறையாக வாசித்தேன். திறந்து பார்க்கவில்லை, வாசித்தேன். (முகவரிகளைத் தமிழ் எழுத்திலேயே சொல்கிறேன். இல்லையென்றால் இந்த வலைப்பூ அவற்றை லிங்க்காக மாற்றிவிடும்.)

மோசமானதிலிருந்து ஆரம்பிக்கலாம். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா. கிண்டியில் பொறியியல் படித்து, பின்னால் 1994-இல் டூரிங் விருது வாங்கிய ராஜ் ரெட்டியின் 'மில்லியன் புக்' கனவின் இந்தியக் கிளை. பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் முகவரியைப் பாருங்கள்: 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், கேள்விக்குறி, 'பாத்1' என்று போட்டு டிஸ்கில் கோப்பு கிடக்கும் இடம், முதல் பக்கம், கடைசிப் பக்கம், கடைசியில் பார்கோடு. சர்வரின் குடலை உருவி வெளியே மாட்டிய மாதிரி. பக்கம் பக்கமாக டிஃப் படம். அதனால்தான் பல பேர் அந்தச் சரத்தைப் பிரித்து, எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி, முழுப் புத்தகத்தையும் இறக்கும் நிரல் எழுதினார்கள். முகவரியின் அசிங்கமே வாசகனுக்கு உதவியது என்பது வேடிக்கை. ஆனால் 2017 வாக்கில் பதிப்புரிமைச் சிக்கலில் தளம் மூடப்பட்டதும், அந்த முகவரியை மேற்கோள் காட்டிய அடிக்குறிப்புகள் எல்லாம் ஒரே நாளில் செத்தன.

முழுசாகச் சாகவில்லை என்பதும் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகங்களில் பெரும்பகுதி இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போய்விட்டது. அங்கே ஒவ்வொரு நூலின் விவரக்குறிப்பிலும் பழைய பார்கோடும், பழைய டிஸ்க் பாதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக அடிக்குறிப்பில் முழுச் சரத்தையும் ஒட்டியவர்கள் அதிலுள்ள பார்கோடைத் தேடிப் புத்தகத்தை மீட்கலாம். சுருக்கிய லிங்க் போட்டவர்கள் தொலைத்தார்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு எச்சரிக்கை. நிலையான முகவரி 'டீடெய்ல்ஸ்' அல்லது 'டவுன்லோடு' என்ற சொல்லும் நூலின் அடையாளமும் கொண்டது. பிடிஎஃபைச் சொடுக்கினால் அது 'ஐஏ' என்று தொடங்கி எண் வரும் ஏதோ ஒரு மெஷினுக்கு உங்களைத் தள்ளிவிடும். அந்த ரெண்டாவது முகவரியை நகலெடுத்து ஆய்வேட்டில் போடுகிறவர்கள் நிறையப் பேர். புத்தகம் நாளைக்கு வேறு மெஷினுக்குப் போகும், போயே தீரும். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் தமிழ் லெக்சிகனுக்கும் இதே நோய் இருந்தது. ஒரு காலத்தில் முகவரியில் சர்வர் 02, பிறகு சர்வர் 04. ஒரு பேரகராதிக்கு மெஷின் எண் எதுக்கு?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் வேறு வகை. நூலின் அடையாளம் வங்கிக் கடவுச்சொல் மாதிரி பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் கலந்த சரம். தொடக்கப் பகுதி நூலுக்கு நூல் ஏறக்குறைய ஒன்றேதான், வால் மட்டும் மாறும். உள்ளே இருப்பது அருமையான சேகரிப்பு, என் வேலையில் பாதி அதை வைத்துத்தான். ஆனால் இந்த முகவரியை அச்சுப் புத்தகத்தில் பார்த்துக் கையால் தட்ட முடியாது. போனில் ஒருத்தருக்குச் சொல்லவும் முடியாது.

இதற்கு நேர் எதிர், ஈழத்து நண்பர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு எண், நூறு நூறாக ஃபோல்டர். 170-ஆம் எண் 02-இல், 381 என்றால் 04-இல், 936 என்றால் 10-இல். எண் தெரிந்தால் நூறால் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் ஃபோல்டர் கிடைத்துவிடும், முகவரியை மனசிலேயே கட்டலாம். எந்த மென்பொருளின் பெயரும் இல்லை, நூலின் தலைப்பும் இல்லை. 'ப்ராஜெக்ட்' என்ற சொல்தான் தேவையில்லாமல் நிற்கிறது.

மதுரைத் திட்டமும் எண் வழிதான். 1998 பொங்கலுக்குத் தொடங்கியது, முதல் எண் திருக்குறள். முகவரியில் 'யூனி' என்றும் 'யூடிஎஃப்8' என்றும் இருப்பதை டிம் பெர்னர்ஸ்-லீ பார்த்தால் முகம் சுளிப்பார். அதே 1998-இல்தான், முகவரியில் தொழில்நுட்ப விவரம் எதையும் வைக்காதீர்கள், மாறாத முகவரியே நல்ல முகவரி என்று எழுதினார். இதில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை. அந்த 'யூனி', டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு நாம் மாறிய காலத்தின் தழும்பு. டிஸ்கிப் பதிப்பும் பக்கத்திலேயே வேறு பெயரில் இருந்தது, இரண்டையும் பிரித்துக்காட்ட வேறு வழி இருக்கவில்லை.

என் நாஸைப் பொறுத்தவரை, கோப்புப் பெயர் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற பைதானில் நாலு வரி போதுமாக இருந்தது. பிறகு நூலகம் திட்டத்தைக் காப்பியடித்து எண் வைக்க ஆரம்பித்தேன். தலைப்பு, ஆசிரியர், பார்கோடு, எந்தத் தளத்தில் என்றைக்கு எடுத்தது எல்லாம் தனி அட்டவணையில். 640 வரை வந்திருக்கிறது. 641 ஒரே புத்தகத்தின் இரண்டு வேறு ஸ்கேன். ஒன்றில் 48-ஆம் பக்கம் இல்லை, மற்றதில் முகப்பு இல்லை. இதற்கு ஒரு எண்ணா, இரண்டு எண்ணா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.